கணுக்கால் நரம்பு மின்தூண்டலும் அடங்காத சிறுநீர்ப்பையும்: வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் இருவரும் தனி ஆட்கள் அல்லர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களிடம் வழமையாகக் காணும் நிலைகளைச் சேர்த்து, கற்பித்தலுக்காக அமைத்த நிகழ்வு இது. நோயாளரின் அளவுகளும் அப்படியே அமைத்தவை. யாருடைய பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல.

வந்த நிலை

36 வயது ஆண், ஒட்டுசுட்டான் பக்கம், சீவல் தொழிலாளி. பனையிலிருந்து விழுந்து 14 மாதங்கள். ஒன்பதாம் நெஞ்சு முள்ளெலும்பு உடைந்து தகடு பொருத்தப்பட்டது. நரம்பு மட்டம் டி10 (டி நெஞ்சு, எல் இடுப்பு, எஸ் திருவெலும்பு மட்டங்களைக் குறிக்கும்; எண் மேலிருந்து கீழாகக் கூடும்). கால்களில் அசைவு இல்லை. மலவாயைச் சுற்றித் தொடுகை மங்கலாகத் தெரியும். ஆகவே வடக் காயத்தின் கடுமையைத் தரம்பிரிக்கும் ஏ.எஸ்.ஐ.ஏ. அளவுகோலில் 'பி', அதாவது தொடுகை மிச்சம், அசைவு இல்லை. சக்கர நாற்காலியில் தானே ஏறி இறங்குவார். வீட்டோடு சிறிய பலசரக்குக் கடை நடத்துகிறார்.

முறைப்பாடு ஒன்றுதான்: "ரியூப் போட்டு எடுத்து அரை மணித்தியாலம் இல்லை, கால் ஒருக்கா இழுத்தால் சலம் போயிடுது. கடையில சனம் நிக்கேக்கை என்ன செய்யிறது?"

கேட்டுப் பார்த்தால் பல சங்கதிகள் சேர்ந்திருந்தன. கதீற்றர் (சலம் எடுக்கும் ரியூப்) ஒரு நாளைக்கு மூன்று தரம்தான். இடையில் அடிவயிற்றைத் தட்டித் தட்டிச் சலம் போக வைப்பார். கிளினிக்குக்கு வரும் நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. பைச் சுருக்கத்தைத் தணிக்கும் ஒக்ஸிபியூட்டினின் மருந்து தரப்பட்டிருந்தது, வாய் காய்கிறது என்று இரண்டு மாதத்துக்கு முன் தானாகவே விட்டுவிட்டார். மலம் நான்கு நாளைக்கு ஒருமுறை. கணுக்காலருகே மின் கொடுத்துப் பையின் சுருக்கத்தைத் தணிக்கலாம் என்று வெளிநாட்டில் இருக்கும் சகோதரர் இணையத்தில் வாசித்துவிட்டு, ஒரு டென்ஸ் கருவியை (தோலில் ஒட்டி நரம்பைத் தூண்டும் சிறு மின்கருவி) அனுப்பியிருந்தார். அதைக் கையோடு கொண்டுவந்து, "இதை எங்கை ஒட்டுறது?" என்று கேட்டதிலிருந்துதான் இந்த ஆய்வு தொடங்குகிறது.

எங்கே ஒட்டுவது என்பது கடைசிக் கேள்வி. ஒட்டுவதற்கு உயிருள்ள நரம்பு வளையம் (காலிலிருந்து வடத்துக்கும் வடத்திலிருந்து பைக்கும் செய்தி போகும் வழி) இருக்கிறதா என்பதே முதற் கேள்வி.

வளையம் உயிரோடு இருக்கிறதா

சிறுநீர்ப்பையைச் சுருக்கும் நரம்புகளும் பையின் வாயை மூடும் வாய்த்தசையை இறுக்கும் நரம்புகளும் வடத்தின் எஸ்2 முதல் எஸ்4 வரையான துண்டங்களிலிருந்து புறப்படுகின்றன. அந்தத் துண்டங்கள் இருப்பது இடுப்புக்குக் கீழே திருவெலும்பில் அல்ல. வடம் எல்1, எல்2 முள்ளெலும்பளவில் முடிந்துவிடுவதால் அவை டி12, எல்1 முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே இருக்கின்றன. காயம் இதற்கு மேலே என்றால் கீழ்த் துண்டங்கள் உயிரோடு இருக்கும். ஆனால் மூளைத் தண்டிலிருந்து வரும் கட்டுப்பாடு அறுந்துவிடும். பை கொஞ்சம் நிறைந்ததும் தானாகவே சுருங்கும். அதே நேரத்தில் வாய்த்தசையும் இறுகும். ஒழுக்கும் அடைப்பும் ஒன்றாகவே நிகழ்ந்து உள்ளழுத்தம் ஏறும். காயம் டி12, எல்1 முள்ளெலும்பிலேயே என்றால் துண்டங்களோ அவற்றின் வேர்களோ நசிந்து, பை சுருங்கவே சுருங்காத தளர்ந்த பையாகிவிடலாம். இரண்டும் கலந்த நிலையும் உண்டு. எக்ஸ்ரேயில் எலும்பு மட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பது அதனால்தான்.

கட்டிலருகே ஐந்து நிமிடத்தில் முடியும் பரிசோதனைகள் போதும். கணுக்கால் தெறிவினை: இவருக்கு மிகுதியாக இருந்தது, பாதத்தை மேலே தள்ளிப் பிடித்தால் தொடர்ந்து துடித்தது. மலவாயருகே மெல்லக் கீற, மலவாய்த் தசை சுருங்கியது. கையுறை போட்ட விரலை மலவாயில் வைத்துக்கொண்டு ஆண்குறியின் மொட்டை மெல்ல அமுக்க, விரலைச் சுற்றி இறுக்கம் தெரிந்தது. கடைசியாகக் கருவியையே சோதனையாகப் பயன்படுத்தலாம்: உட்கணுக்கால் எலும்பின் பின்னால் தூண்டினால் பெருவிரல் மடங்க வேண்டும். மடங்கியது. வளையம் உயிரோடு இருக்கிறது.

இதே கருவி இன்னொருவருக்கும் வந்திருந்தது. 41 வயதுப் பெண், 2009இல் எறிகணைச் சன்னம் பட்டு எல்1 முள்ளெலும்பு சிதைந்தவர். கணுக்கால் தெறிவினை இல்லை, கெண்டைத்தசை வற்றிப்போயிருந்தது, மலவாய் தளர்ந்திருந்தது. இருமினாலும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறினாலும் ஒழுகும். ஒழுகிய பிறகு கதீற்றர் போட்டால் 400 மில்லிலீற்றருக்கு மேல் வரும். கருவியை உச்ச அளவுக்கு ஏற்றியும் விரல் அசையவில்லை. இவருக்குக் கணுக்கால் தூண்டலால் பயன் இல்லை. அடக்குவதற்கு அங்கே துடிக்கும் பையே கிடையாது. வழிந்து ஒழுகுகிற பைதான் இருக்கிறது. நேரம் தவறாத கதீற்றர்தான் அவருக்கு மருந்து. வீட்டார் கருவியைத் திருப்பி வாங்க மனமில்லாமல், "சும்மா போட்டுப் பாக்கட்டுமே" என்றார்கள். சும்மா போடுவதில் கெடுதல் உண்டு: தொடுகை தெரியாத காலில் உச்ச அளவில் அரை மணி நேரம் ஓடினால் தோல் வெந்துபோகும். அதோடு, கருவியில் நம்பிக்கை வைத்துக் கதீற்றர் நேரத்தைத் தள்ளிப்போடுவார்கள். தோல் வேகுவதைவிட அது பெரிய ஆபத்து.

அளந்து பார்த்தது

முதலாமவருக்கு மூன்று நாள் பதிவு எழுதச் சொல்லப்பட்டது. நேரம், குடித்த அளவு, கதீற்றரில் வந்த அளவு, ஒழுகிய அளவு என நான்கே நிரல்கள். ஒழுக்கை "கொஞ்சம், கூட" என்று எழுதுவதில் பயனில்லை. கடைத் தராசில் உலர்ந்த துணியை நிறுத்து, நனைந்த பிறகும் நிறுக்க வேண்டும்; ஒரு கிராம் கூடினால் ஒரு மில்லிலீற்றர் என்று கொள்ளலாம். இவர் வீட்டில் தராசு இருந்தது நல்லதாய்ப் போயிற்று. சராசரி: குடித்தது 900 மில்லிலீற்றர், கதீற்றரில் ஒவ்வொரு முறையும் 120 முதல் 160 வரை, ஒழுக்கு நாளுக்கு 360 கிராம்.

பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனைதான் சரியான வழி. அதற்கான திகதி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சேலைன் ஏற்றும் கம்பியும் அளவுநாடாவும் இருந்தால் ஓரளவு பார்த்துவிடலாம். முறை இதுதான்:

நோயாளி மல்லாந்து படுக்க வேண்டும். 12 அளவு நெலட்டன் கதீற்றரால் பையை முழுதும் வெறுமையாக்கி, கதீற்றரின் முனையில் முவ்வழித் திருகைப் பொருத்த வேண்டும். ஒரு வழி கதீற்றருக்கு. ஒரு வழி உடற்சூட்டளவில் வைத்த சேலைன் போத்தலுக்கு. மூன்றாவது வழியில் மேல்முனை திறந்த தெளிவான ரியூப். அந்த ரியூப்பைச் சேலைன் கம்பியில் நிமிர்த்திக் கட்டி, பக்கத்தில் அளவுநாடாவை ஒட்ட வேண்டும். பூச்சியம் பூப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டத்தில் இருக்க வேண்டும். ரியூப் 80 சென்ரிமீற்றராவது நீளமாக இருக்கட்டும். குட்டையாக இருந்தால் தண்ணீர் மேலால் கொட்டும். உண்மையான அழுத்தம் தெரியாது.

நோயாளியை ஒருமுறை இருமச் சொல்ல வேண்டும். நீர்மட்டம் துள்ளி இறங்கினால் பாதை திறந்திருக்கிறது. பிறகு 50 மில்லிலீற்றர் விட்டு, சேலைன் வழியை மூடி, மட்டம் நிலைத்ததும் வாசிக்க வேண்டும். மறுபடியும் 50. ஓடும்போது வாசித்தால் அது பையின் அழுத்தம் அல்ல, போத்தலின் உயரம். வயிற்றில் இறுக்கமில்லாமல் மட்டம் தானாக ஏறிச்சென்றாலோ கதீற்றரைச் சுற்றி ஒழுகினாலோ பை சுருங்குகிறது. அப்போது உள்ளே போயிருந்த அளவையும் மட்டத்தின் உச்சத்தையும் குறித்துக்கொண்டு வெறுமையாக்கிவிடலாம். 500 மில்லிலீற்றருக்கு மேல் விடத் தேவையில்லை. குளிர்ந்த சேலைனும் அவசரமாக நிரப்புவதும் சும்மா கிடக்கும் பையையும் சுருங்க வைக்கும். காய்ச்சலோ சலத்தில் தொற்றோ இருக்கும் நாளில் இதைச் செய்யக் கூடாது. காயம் டி6 அல்லது அதற்கு மேலே என்றால் பை நிறையும்போது இரத்த அழுத்தம் திடீரென்று ஏறலாம். தலையிடி, முகம் சிவத்தல், மேலுடம்பு வியர்த்தல் கண்டால் உடனே பையை வெறுமையாக்கி, நோயாளியை நிமிர்த்தி இருத்த வேண்டும். அப்படிப்பட்டவருக்கு இந்தச் சோதனையை வைத்தியசாலைக்கு வெளியே செய்யவே வேண்டாம்.

இவருக்கு 180 மில்லிலீற்றரில் சுருக்கம் தொடங்கி மட்டம் 58 சென்ரிமீற்றருக்குப் போய், பக்கத்தால் ஒழுகியது. 40 சென்ரிமீற்றர் தண்ணீர் அழுத்தத்துக்கு மேல் அடிக்கடி போகும் பை நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்கானில் பைச்சுவர் தடித்திருந்தது. தட்டிப் போக வைத்தபின் 160 மில்லிலீற்றர் மிச்சம். சிறுநீரகங்களில் வீக்கம் இல்லை. வீக்கம் இருந்திருந்தால் மின்தூண்டல் பேச்சே எழாது. கதீற்றரை உள்ளேயே நிலையாக வைத்து, சிறுநீரகச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அன்றே கடிதம் கொடுத்திருக்க வேண்டும்.

ஏமாற்றக்கூடிய இன்னொன்று கிறியற்றினின், சிறுநீரகத்தின் நிலையறிய இரத்தத்தில் அளக்கும் பொருள். அது தசையிலிருந்து வருவது. கால்தசைகள் வற்றியவரின் இரத்தத்தில் அது இயல்பாகவே குறைவு. சிறுநீரகம் பாதி கெட்ட பிறகும் அறிக்கையில் சாதாரண எண்ணே வரலாம். ஒருவரின் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட வேண்டுமே தவிர, தாளில் அச்சடித்த எல்லைகளோடு ஒப்பிட்டு ஆறுதலடையக் கூடாது. வவுனியாப் பக்கம் காரணம் தெளிவில்லாத நாட்பட்ட சிறுநீரக நோயும் இருப்பதால், அங்கிருந்து வருபவருக்கு அடிப்படை எண்ணை முதல் நாளிலேயே எடுத்து வைப்பது இரட்டை நன்மை.

கருவிக்கு முன் நான்கு கிழமை

கருவி அலுமாரியில் வைக்கப்பட்டது. இது பலருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று ஒருநாளும் தெரியவராது.

தட்டுவது நிறுத்தப்பட்டது, தட்டினால் சுருங்கும் பைக்கு எதிரே வாய்த்தசை இறுகுவதால் அழுத்தந்தான் ஏறும். கதீற்றர் ஐந்து தரமானது: காலை 5.30, 10, பிற்பகல் 2.30, மாலை 6.30, இரவு 10. குடிப்பது 1.8 லீற்றர், மாலை 6 மணிக்குப் பிறகு சில மிடறு மட்டும். மலம் இரண்டு நாளுக்கு ஒருமுறை, காலைச் சாப்பாட்டுக்குப் பின் குளிசையும் விரல் தூண்டலுமாக. நிறைந்த மலக்குடல் பையை முன்னால் தள்ளிச் சினமூட்டும். அதைச் சரிசெய்யாமல் பைக்கு மருந்து கொடுப்பது வீண். ஒக்ஸிபியூட்டினின் 5 மில்லிகிராம் இரண்டு வேளை மீண்டும் தொடங்கியது. 58 சென்ரிமீற்றர் அழுத்தத்தோடு மருந்தில்லாமல் விட முடியாது.

அந்த மருந்தைப் பற்றி வன்னி வெயிலில் ஒரு எச்சரிக்கை. வியர்வையை அது குறைக்கும். டி10 காயத்தில் மட்டத்துக்குக் கீழே வியர்வை ஏற்கெனவே சீரில்லை. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, இரண்டும் சேர்ந்தால் உடம்பு சூடேறி, காய்ச்சல்போலத் தெரியும். தொற்று என்று நினைத்து நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கும் முன் நிழலில் இருத்தி, ஈரத்துணியால் துடைத்து, அரை மணி கழித்து வெப்பத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

நான்காம் கிழமை முடிவில்: ஒழுக்கு 210 கிராம், சுருக்கம் 240 மில்லிலீற்றரில், உச்சம் 46 சென்ரிமீற்றர். கருவியைத் தொடாமலே ஒழுக்கில் 150 கிராம் குறைந்துவிட்டது. மின்தூண்டலைப் புகழும் பல பேச்சில் இந்தப் பங்கும் சேர்ந்தே எண்ணப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது.

கருவியும் ஒட்டும் முறையும்

வந்திருந்தது 9 வோல்ற் பற்றரியில் ஓடும் சாதாரண இருவழி டென்ஸ். முகப்பில் மூன்று நிலை ஆளி; தொடர்நிலைக்குத்தான் வைக்க வேண்டும். விட்டுவிட்டு வருவதும் கூடிக் குறைந்து வருவதும் நோவுக்கானவை. துடிப்பு வேகம் 20 ஹேட்ஸ் (10 ஹேட்ஸிலும் செய்கிறார்கள்), துடிப்பு அகலம் 200 மைக்ரோசெக்கன், நேரம் 30 நிமிடம், நாளுக்கு ஒருமுறை. ஊசி குத்திச் செய்யும் வகையில் கிழமைக்கு ஒருமுறை 30 நிமிடம், 12 கிழமை என்பது வழமை. ஒவ்வொரு கிழமையும் பஸ்ஸில் வர முடியாதவருக்குத் தோலில் ஒட்டும் வகையே பொருந்தும். வீட்டில் தினமும் செய்யலாம்.

கருவியின் சுழற்றியில் உள்ள 1 முதல் 8 வரையான எண் மில்லி அம்பியர் அல்ல. மலிவான கருவிகளில் அதே 4, பற்றரி புதிதாக இருக்கும்போது ஒரு அளவு, இறங்கும்போது இன்னொரு அளவு. ஆகையால் எண்ணைப் பார்த்து ஓட்டக் கூடாது, விரலைப் பார்த்து ஓட்ட வேண்டும்.

காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். செம்மண் தூசி ஒரு படையாக இருந்தால் ஒட்டு (தோலில் ஒட்டும் மின்வாய்) பிடிக்காது. மயிர் அடர்த்தியென்றால் கத்தரிக்கோலால் வெட்டலாம். சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் மின் குவிந்து எரியும். 5 சென்ரிமீற்றர் சதுர ஒட்டில் ஒன்றை உட்கணுக்கால் எலும்புக்கும் குதிநாணுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் ஒட்ட வேண்டும். மற்றதை அதற்கு 10 சென்ரிமீற்றர் மேலே, கணைக்கால் எலும்பின் உள்விளிம்புக்கு ஒரு விரல் பின்னால். ஒட்டுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. சுழற்றி பூச்சியத்தில் இருக்கும்போதுதான் வயரைச் செருக வேண்டும்.

பிறகு அரை அரையாக ஏற்ற வேண்டும். பெருவிரல் மடங்கத் தொடங்கும் இடமோ விரல்கள் விரியும் இடமோதான் வாசல். அதைக் கண்டதும் விரல் அசைவு நிற்கும் அளவுக்கு ஒரு இழை குறைத்து, அங்கேயே 30 நிமிடம் ஓட விடலாம். தொடுகை நன்றாகத் தெரிபவர் "குறுகுறுப்பு உள்ளங்காலுக்குப் போகுது" என்று சொல்லுவார். அதுவும் சரியான இடத்துக்குச் சாட்சி. இவருக்கு மங்கலாகத்தான் தெரியும். அவருடைய மனைவிதான் பார்த்துச் சொன்னார்: "மிசி, பெருவிரல் துடிக்குது, இவருக்கு ஒண்டும் தெரியேல்லையாம்." அது போதும்.

நேரம் மாலை 4.30. கால்களைத் தலையணை அடுக்கில் இதயமட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்துக்கொண்டு செய்யச் சொல்லப்பட்டது. நாள் முழுக்கத் தொங்கிய கால்களில் நீர் தேங்கியிருக்கும். இரவு படுத்ததும் அது இரத்தத்துக்குத் திரும்பிச் சலமாகி, நடுச்சாமத்தில் பையை நிரப்பும். மாலையிலேயே காலை உயர்த்திவிட்டால் அந்தச் சலம் 6.30க்கும் 10க்கும் உரிய கதீற்றரில் வெளியேறும். இதில் மின்சாரத்துக்குப் பங்கில்லை, ஆனால் அரை மணி நேரம் சும்மா படுத்திருக்கத்தானே போகிறார்.

பிழைக்கும் இடங்கள்

விரல் மடங்காமல் கெண்டை மட்டும் குதித்தால் மேல் ஒட்டு பின்னால் போய்விட்டது. பாதம் மேல்நோக்கித் தூக்கினால் முன்னால் போய்விட்டது. இரண்டு ஒட்டும் சரியான இடத்தில் இருந்தும் மறுமொழி மெலிவாக இருந்தால், கருவியை அணைத்துவிட்டுச் சிவப்பு, கறுப்பு முனைகளை மாற்றிச் செருகிப் பார்க்கலாம். சில கருவிகளில் இதனாலேயே சரிவரும். கால் வீங்கியிருந்தால் நரம்பு ஆழத்தில் கிடக்கும், கூடிய அளவு தேவைப்படும். காலை உயர்த்தி ஒரு மணி கழித்து மறுபடி முயல்வதே நல்லது. ஆனால் ஒரு கால் மட்டும் புதிதாக வீங்கிச் சூடாக இருந்தால் ஒட்டவே கூடாது. நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அது வைத்தியசாலைக்குப் போக வேண்டிய கால்.

நேற்று 3இல் துடித்த விரலுக்கு இன்று 5 தேவையென்றால் முதலில் பற்றரி, பிறகு ஒட்டு, பிறகு வயர் என்ற வரிசையில் சந்தேகப்பட வேண்டும். ஒட்டின் களி காய்ந்தால் முழுப் பரப்பிலும் போக வேண்டிய மின் ஒரு மூலையால் மட்டும் போகும். தொடுகை தெரிந்தவர் சுருக்கென்று கத்துவார். தெரியாதவரின் தோலில் சிவந்த புள்ளியாகவே அது வெளிப்படும். ஒவ்வொரு முறையும் கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு அரை மணியில் மறைந்தால் பயமில்லை. மறையாவிட்டால் ஆறும்வரை மற்றக் காலுக்கு மாற வேண்டும். ஒட்டை அதன் பிளாஸ்ரிக் தாளில் ஒட்டி, மூடிய டப்பாவில் நிழலில் வைத்தால் 20, 30 முறை வரும். வெயில் படும் யன்னலோரத்தில் வைத்தால் ஒரு கிழமை தாங்காது. விளிம்பு காயத் தொடங்கினால் ஒரு சொட்டுத் தண்ணீரை விரலால் தடவலாம். அதற்கும் ஒட்டாவிட்டால் எறிந்துவிட வேண்டும், பிளாஸ்ரர் போட்டு அமுக்கி ஓட்டக் கூடாது.

தடவினால் தட்டுப்படும் சன்னம் தோலடியில் இருந்தால் அதன்மேல் ஒட்டாமல் மற்றக் காலைப் பயன்படுத்த வேண்டும். இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர், கர்ப்பிணி, ஒட்டும் இடத்தில் புண் உள்ளவர் ஆகியோருக்குக் கூடாது. சார்ஜ் ஏறும் வகைக் கருவியென்றால் சுவர் மின்னில் செருகியிருக்கும்போது உடம்பில் ஒட்டவே கூடாது. தூண்டும்போது கால் இழுப்புக் கூடினால் 10 ஹேட்ஸுக்கு இறக்கிப் பார்க்கலாம்.

போக்கு

12 கிழமைத் தூண்டலின் முடிவில் ஒழுக்கு 80 கிராம். சுருக்கம் 320 மில்லிலீற்றரில், உச்சம் 36 சென்ரிமீற்றர். முதல் நான்கு கிழமையில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. பலர் கைவிடுவது அந்த நேரத்தில்தான். எட்டாம் கிழமைக்கு முன் பலனில்லை என்று முடிவு கட்டக் கூடாது. 12இலும் பதிவேடு அசையாவிட்டால் மேலும் இழுக்கவும் கூடாது.

மாரியில் பாதை அடைபட்டு, புது ஒட்டு வந்துசேராமல், மூன்று கிழமை தூண்டல் நின்றது. மருந்தும் கதீற்றரும் அப்படியே தொடர்ந்தன. ஒழுக்கு 150க்கு ஏறியது. மறுபடி தொடங்கி நான்கு கிழமையில் 90க்கு வந்தது. திட்டமிடாமல் நடந்த இந்த நிறுத்தந்தான் கருவிக்கு உண்மையான பங்கு உண்டு என்பதற்குக் கிடைத்த நல்ல சாட்சி. மாரியில் வியர்வை குறைந்து சலம் கூடுவதால் ஏற்றத்தின் ஒரு பகுதி காலநிலையாகவும் இருக்கலாம்.

இங்கே கணக்கைக் கவனிக்க வேண்டும். நாளுக்கு 1500 மில்லிலீற்றர் சலம் ஐந்து கதீற்றருக்குப் பிரிந்தால் ஒரு தரத்துக்கு 300. பை 240இல் சுருங்கியபோது ஒவ்வொரு இடைவெளியிலும் ஒழுகியது. 320க்குப் போனதும் பகல் இடைவெளிகள் எல்லைக்குள் வந்துவிட்டன. தூண்டல் கொடுத்தது இந்த 80 மில்லிலீற்றர் இடம். பழையபடி மூன்று தரந்தான் கதீற்றர் என்றால் ஒரு தரத்துக்கு 500. அப்போது 320ஆல் எந்தப் பயனும் இருந்திராது. மிச்சமிருந்த 80 கிராம் ஒழுக்கும் ஏறக்குறைய முழுவதும் இரவு 10க்கும் காலை 5.30க்கும் இடையில் நடந்தது. கடைக்குச் சாமான் இறக்கும் நாள்களுக்கு முதல் இரவில் மட்டும் 2 மணிக்கு ஒரு கதீற்றர் போட ஒத்துக்கொண்டார்.

ஏன் வேலை செய்கிறது, எங்கே செய்யாது

கணுக்காலருகே ஓடும் நரம்பின் வேர்கள் எல்4 முதல் எஸ்3 வரை. பையின் வேர்கள் எஸ்2 முதல் எஸ்4 வரை. காலிலிருந்து போகும் செய்தி அதே துண்டங்களில் இறங்கி, பையின் சுருக்கத்தைத் தணிக்கிறது. 1980களிலேயே அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் மக்குவாயர் இதைக் கவனித்தார். இதன் ஒரு பகுதி மூளைவரை போய்த் திரும்பும் வழியில் நடப்பதால் வடம் முழுதும் அறுந்தவரில் பலன் குறைவாக இருக்கலாம். முள்ளந்தண்டு வடக் காயத்தில் இதைச் சோதித்த ஆய்வுகள் சிறிய குழுக்களில் நடந்தவை; கைப்பிடித்துச் சத்தியம் செய்யும் நிலையில் யாரும் இல்லை.

முழுக் காயத்தில் கூடுதலாக வேலை செய்யக்கூடியது பிறப்புறுப்பின் மேல்நரம்பைத் தூண்டுவது. ஆணுக்குக் குறியின் முதுகுப் பக்கத்தில் இரண்டு சிறிய ஒட்டுகள், 15 முதல் 20 ஹேட்ஸ், 200 மைக்ரோசெக்கன், மலவாய்த் தசை இறுகும் அளவின் இரண்டு மடங்கு. அது உடனடியாகவே சுருக்கத்தை அடக்கும். மேலே சொன்ன நீர்மட்ட ரியூப்பிலேயே இறங்குவதைப் பார்க்கலாம். ஆனால் கடையில் இருந்துகொண்டு ஓட்டக்கூடியது அல்ல. கூட்டுக் குடும்பத்தில் அதைப் பேசவே பலருக்குக் கூச்சம். இவரும் வேண்டாம் என்றார்.

"மின் குடுத்தால் சலம் தானாகப் போகுமோ?" என்று கேட்காத குடும்பம் இல்லை. போக வைக்கும் கருவி ஒன்று உண்டு. லண்டனில் உடலியங்கியலாளர் ஜைல்ஸ் பிரின்ட்லி 1970களில் உருவாக்கியது. திருவெலும்பு மட்ட நரம்பு வேர்களின் முன்பகுதியில் மின்வாய்களை உள்ளே பொருத்தி, வெளியிலிருந்து கட்டளை கொடுப்பது. வாய்த்தசை சட்டென்று தளரும், பைத்தசை மெல்லத் தளரும். மின்னை விட்டுவிட்டுக் கொடுத்தால் இடைவெளிகளில் சலம் பாயும். ஆனால் அதனோடு பின்வேர்களை வெட்டுவது வழமை. தானாக வரும் குறி விறைப்பு அதோடு போய்விடும். பெரிய சத்திரசிகிச்சை, பெரிய செலவு. அலுமாரியிலிருந்த டென்ஸ் பெட்டிக்கும் அதற்கும் பெயரில்தான் உறவு.

ஆறாம் மாதம்

தூண்டல் கிழமைக்கு மூன்று நாளாகக் குறைக்கப்பட்டது. ஒழுக்கு 90 கிராமில் நின்றது. பங்குனி வெயிலுக்கு முன் ஒக்ஸிபியூட்டினினை 5 மில்லிகிராம் ஒரு வேளையாக்கிப் பார்த்தார்கள். மூன்று கிழமையில் ஒழுக்கு 110, அது பரவாயில்லை என்று நோயாளி சொன்னார். நீர்மட்ட ரியூப் 47 சென்ரிமீற்றர் காட்டியது. உடுப்பு காய்ந்திருப்பதும் சிறுநீரகம் தப்பியிருப்பதும் ஒன்றல்ல என்பதால் மருந்து இரண்டு வேளைக்கே திரும்பியது. சிறுநீரகச் சத்திரசிகிச்சை கிளினிக்குக்கான கடிதத்தில் மூன்று நாள் பதிவின் நான்கு பிரதிகளும் ஒவ்வொரு நீர்மட்ட அளவும் இணைக்கப்பட்டன. வெயில் காலத்தில் மருந்து தாங்க முடியாவிட்டால் தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் 200 அலகை ஊசியால் பைச்சுவரில் போடுவதைப் பரிசீலிக்குமாறு கேட்டு எழுதப்பட்டது. அடுத்த ஸ்கானும் கிறியற்றினினும் புரட்டாதியில், மாரிக்கு முன்.